முத்திரை இல்லாத இரும்பு

அந்த வியாழக்கிழமை சிதம்பரம் பைபாஸ் ஓரத்துத் தகர ஷெட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான். என் மனைவியின் தம்பி பிரகாஷ். பிரகாஷோடு டெஸ்டுக்கு வந்த லால்பேட்டை ஜாபர் பாய். எங்களை அங்கே வரவழைத்த ஏஜென்ட் குமரவேல். அவருடைய ஆபீசில் வேலை பார்க்கும் சுகந்தி என்ற பெண். வெல்டிங் டெஸ்ட் வைக்கக் கொச்சியிலிருந்து வந்திருந்த கப்பல் சர்வேயர். இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. "பாஸ் ஆவலைன்னா வாங்குன ஒன்றரை லட்சமும் ஒரு ரூபா கொறையாம வாபஸ்" என்று குமரவேல் சொன்னது ஆறு பேர் காதிலும் விழுந்தது. சர்வேயருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் வாபஸ் என்றால் அவருக்கும் தெரியும்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். இப்போது கொரியாவில் கோஜே என்ற தீவில், கப்பல் கட்டும் யார்டில் வெல்டர். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் என்று என் மனைவி கலா சொல்வாள். பொய் இல்லை. ஊருக்கு வரும்போது விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும் வரைக்கும், இறக்கை உடம்போடு சேர்கிற இடத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒட்டு வேலை செய்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் இது எங்கே பிய்த்துக்கொள்ளும் என்றுதான் தோன்றும்.

லீவு போட்டு வந்தது பிரகாஷுக்காக. எங்கள் யார்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், சிதம்பரத்தில் வெல்டிங் டெஸ்ட் என்று தெரிந்ததும் அவன் பைபர் படகில் இருந்த தன் பங்கை விற்று ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. தேறாவிட்டால் அவனுக்குப் படகும் இல்லை, கொரியாவும் இல்லை.

புதன்கிழமை கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி முதுநகருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், பின்னால் எத்தனை பேர் என்று தெரியாது. கோஜேயில் பஸ் ஓடும்போது எழுந்து நின்றாலே டிரைவர் கண்ணாடியில் முறைப்பார். இங்கே என் வலது கால் ரோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, காலிக் கூடையை மடியில் வைத்திருந்த மீன்காரம்மா சொன்னார்: "கொஞ்சம் ஒடுங்கி உக்காருப்பா. நீ என்னா கலெக்டரா? விழுந்தா எல்லாருந்தான் விழுவோம்."

வீட்டில் சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும். யார்டு கேண்டீனில் தினமும் மீன் போடுவார்கள், புளி மட்டும் இருக்காது. நான் சாப்பிட்டுக்கொண்டே பிரகாஷின் டெஸ்டைப் பற்றி ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். கலா கரண்டியைத் தட்டில் வைத்தாள். "மொதல்ல சோத்தத் துன்னுங்க. அவன் நாளைக்கித்தான டெஸ்ட் எழுதப் போறான்? நீங்க இன்னைக்கே ஃபெயில் ஆயிடுவீங்க போல."

சாயங்காலம் உப்பனாற்றங்கரைக்குப் போனேன். அங்கே இரும்பு மீன்பிடி போட்டுகள் கட்டுகிறார்கள். பிரகாஷ் வேலை செய்வது அங்கேதான். ஒரு போட்டு எலும்பு மட்டும் நிறுத்திய மாடு போல நின்றது. அவன் அதன் வயிற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"மாமா, உங்க யார்டுல ஒரு கப்பலுக்கு எவ்ளோ நாளு புடிக்கும்?"

"கட்டி முடிக்கிறதுக்குள்ள வருசமே ஓடிடும். ஆனா அது எவன் கப்பலுன்னு கேக்காத. கப்பலுக்காரன் கிரீஸ்ல இருக்கான். கொடி பனாமாவோடது. கேஸ் நிரப்புற டேங்கோட டிசைன் பிரான்சுல இருந்து வருது. அது எப்பிடி இருக்கணும்னு விதிய லண்டன்ல உக்காந்து பேசுறாங்க. ஒட்டறது நானும் ஒரு நேபாளத்துக்காரனும்."

"சீனாக்காரன் கட்டலியா?"

"நெலக்கரி, தானியம், பெட்டி ஏத்துற கப்பலெல்லாம் அவன் கட்டித் தள்றான். மாளிக மாதிரி சுத்துலா கப்பலு ஐரோப்பாவுல. கேஸ் கப்பலுன்னா கொரியா. கடைத்தெரு மாதிரிடா. நக எடுக்க ஒரு தெரு, பாத்திரத்துக்கு ஒரு தெரு."

"நம்மளுக்கு எந்தத் தெரு?"

"பழைய இரும்புத் தெரு. எல்லாரும் ஓட்டி முடிச்சப்பறம் குஜராத்துக்கும் பங்களாதேசுக்கும் அனுப்புறாங்களே ஒடைக்க, அது."

அவன் சிரித்தான். நின்ற போட்டின் தோலைத் தட்டிக் காட்டினான். "இதுவும் அங்க இருந்து வந்த பிளேட்டுதான் மாமா. ஒடைச்ச கப்பலு."

ஆற்றங்கரையில் ஒரு பழக்கம் உண்டு. புது பிளேட்டில் முதல் ஒட்டுப் போடுவதற்கு முன்னால் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பிறகு கேஸ் டார்ச்சைப் பற்ற வைத்து அந்த இடத்தைச் சூடு காட்டுவார்கள். ஈரம் ஆவியாகப் பறந்த பிறகுதான் ஒட்டுவார்கள். தீபம் காட்டுகிற மாதிரியே இருக்கும். யார் எப்போது ஆரம்பித்தார்களோ, சாமிக்கும் மரியாதை, இரும்புக்கும் நல்லது. ஈர இரும்பில் ஒட்டினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும்.

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ். ஜாபர் பாய் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். மூவரும் இட்லி கொத்சு சாப்பிட்டோம். கத்தரிக்காயைச் சுட்டு மசித்த அந்தக் கொத்சுக்காகவே மூன்று வருடம் அழுதிருக்கிறேன். அன்றைக்கு ஒரு இட்லியோடு கையை நிறுத்திவிட்டேன். என் தட்டில் இருந்த மூன்றாவது இட்லியையும் பாய்தான் எடுத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சவூதி. நான் கொரியான்னதும் அத்தா கேக்கறாரு, பன்னிக்கறி துன்ற ஊருக்கா போறன்னு. அண்ணே, நீங்க சொல்லுங்க, மீனு கெடைக்குமுல்ல?"

"கெடைக்கும் பாய். புளிய மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க."

"அப்ப சரி. ஆமா, அவுங்களுக்கு எதுக்கு நம்ம ஆளு? அவுங்க ஊர்ல வெல்டரே இல்லியா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கப்பல் விடுகிற புகை குறைய வேண்டும் என்று லண்டனில் விதி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பழைய இன்ஜின் கப்பலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்று முதலாளிகளுக்குக் கவலை. புதுக் கப்பல் கேட்டு வருகிறார்கள். யார்டு நிரம்பிக் கிடக்கிறது. கொரியாக்காரன் பிள்ளைகள் குளிரூட்டிய அறையில் வேலை தேடிப் போய்விட்டார்கள். டேங்குக்குள்ளே குனிந்து உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நாங்கள்.

"அட, எவனோ புகையப் பத்திப் பேசுனா லால்பேட்டையில எனக்கு விசாவா!" என்றார் பாய்.

ஷெட்டுக்குப் போனோம். சர்வேயர் கொண்டுவரச் சொன்ன டெஸ்ட் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இரும்பு ஆலையின் முத்திரை எண்ணைத் தன்னிடம் இருந்த தாளோடு சரிபார்த்தார். பிறகு தன் பங்குக்கும் ஒரு முத்திரையைச் சுத்தியலால் அடித்தார். பிளேட் ஓரங்களைச் சாய்வாகச் சீவி, நடுவில் பள்ளம் வருகிற மாதிரி எதிரெதிரே நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தைத்தான் ஒட்டி நிரப்ப வேண்டும். முத்திரை விழுந்த பிறகு பிளேட்டில் யாரும் கிரைண்டர் வைத்துத் தேய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, போன் பேச ரோட்டோரம் போனார்.

குமரவேல் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கற்பூரம், எலுமிச்சம்பழம், கரைத்த சந்தனம், குங்குமம். சுகந்தி செல்போனைப் பிடித்தாள். அவர்கள் ஆபீஸ் விளம்பரத்துக்கு வீடியோ. "எங்களிடம் வருகிறவர்களை நாங்கள் தெய்வத்திடம் ஒப்படைக்கிறோம்" என்று மேடைத் தமிழில் பேசிக்கொண்டே, பிரகாஷ் பிளேட்டின் பள்ளத்தில் மூன்று இடத்தில் ஈரச் சந்தனத்தை அழுத்தி வைத்தார்.

நான் கிட்டே போனேன். "சார், டார்ச் எங்க? சூடு காட்டணும்."

"டார்ச் இருக்குது. சிலிண்டர் காலி. தொடைச்சிட்டாப் போச்சு."

"சார், பள்ளத்துல எறங்கிடிச்சின்னா தொடைச்சி வராது. வேற பிளேட்டு குடுங்க."

"இன்னாத்துக்கு நீ அபசகுனமாப் பேசற? சாமி காரியத்துல வாய வெக்காத. கொரியாவுல ராடு புடிச்சா இங்க எனக்கு பாடமா?"

ஜாபர் பாய் எப்போது எழுந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அவருடைய பிளேட்டின் மேல் தன் துண்டைப் போட்டு மூடிவிட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "நமக்கு துவா செஞ்சாச்சு சார். இத வுட்ருங்க" என்றார் பணிவாக. குமரவேலுக்கும் வீடியோவில் அது வேண்டியதில்லை. விட்டுவிட்டார்.

பிரகாஷ் பழந்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். மேலே இருந்தது மட்டும் போனது. சர்வேயர் திரும்பி வந்து கையைக் காட்டினார். ராடு நுனியில் ஆர்க் பற்றிக்கொண்டது. அவன் ஒட்டியதைப் பார்க்க அழகாக இருந்தது. மீன் செதிலை அடுக்கி வைத்தது போல ஒரே சீர். சர்வேயர் கூடத் தலையை ஆட்டினார். எனக்கு மட்டும் தெரியும், வெளியே பார்த்துத் தலையாட்டுவதற்காக எக்ஸ்ரே கண்டுபிடிக்கவில்லை என்று. ஒட்டுகளை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள், ராத்திரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் தங்கினோம். தாழ்ப்பாள் சரியில்லை என்று நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். பிரகாஷ் குறட்டை விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பிலிம் வந்தது. ஜாபர் பாயின் ஒட்டு சுத்தம். பிரகாஷின் பிலிமில் மூன்று இடத்தில் கடுகைத் தூவிய மாதிரி புள்ளிப் புள்ளியாகக் கறுப்பு. சந்தனம் வைத்த அதே மூன்று இடம்.

நான் நடந்ததைச் சர்வேயரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டினேன். அவர் சொன்ன பதிலைத் தமிழில் போட்டால் இவ்வளவுதான்: "யார் எதை வைத்தார்கள் என்று பிலிம் சொல்லாது. ஓட்டை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஆனால் விதியில் ஒரு வழி இருக்கிறது. தோற்றவன் உடனே ஒரு ஒட்டுக்குப் பதில் இரண்டு ஒட்டுப் போட்டுக் காட்டலாம். மாலை நான்கு மணிக்குள் பிளேட் வந்தால் இருந்து பார்க்கிறேன்."

 குமரவேல், பிளேட் தீர்ந்துவிட்டது, சென்னையிலிருந்து திங்கட்கிழமைதான் வரும் என்றார். சர்வேயர் அன்றைக்கே கொச்சிக்குக் கிளம்புகிறார். ஆள் பட்டியலும் அன்றைக்கே போகிறது. இதெல்லாம் குமரவேலுக்குத் தெரியும். ஸ்பேர் பிளேட், சிலிண்டர், எலுமிச்சம்பழம் என்று மூன்று வாங்க வேண்டியவர். எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கியிருக்கிறார் மனிதர்.

"ஆத்தங்கரையில பிளேட்டு கெடக்குது மாமா. அதே தடிமன்" என்றான் பிரகாஷ்.

அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் ஓடினேன். கடலூர் பஸ். போகும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரை மனதுக்குள் திட்டினேன். ஆற்றங்கரை முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, வெட்டிக்கொள் என்றார். நானே வெட்டி, நானே ஓரம் சீவி, நான்கு பிளேட்டுகளைச் சிமெண்டுச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.

கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். "உள்ள என்னா?"

"இரும்பு."

"இரும்புக்கு லக்கேஜ் போடணும். பக்கத்துல வெச்சிருக்கியே, அதுக்கு சீட்டும் போடணும்."

"மடியில வெச்சிக்கிறேன் சார்."

"வெச்சிக்க. அப்பறம் காலு போச்சுன்னு எங்கிட்ட வராத."

புதுச்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்தது. ஏறும்போதே அந்தப் பின்பக்க டயரைப் பார்த்தேன், மொட்டையாக இருந்தது, சொன்னால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். எல்லோரும் இறங்கி வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். ஒருவர் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி உப்பு போட்டுத் தின்றார். கோஜேயில் இதே மாதிரி பஸ் நின்றால் பத்து நிமிடத்தில் இன்னொரு பஸ் வரும், டிரைவர் குனிந்து மன்னிப்புக் கேட்பார். எங்கள் டிரைவர் டயரை உதைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார். நான் நடு ரோட்டில் நின்று கையை நீட்டினேன். ஐஸ் மீன் ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று நின்றது. மீன் பெட்டிகளின் மேல் சாக்கோடு உட்கார்ந்து, மீன் தண்ணீர் சட்டையில் வடிய, நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சர்வேயர் பையை மூடி வைத்திருந்தார். ஆனாலும் உட்கார்ந்தார். நான்கு பிளேட்டையும் இரண்டு பக்கமும் திருப்பினார். கட்டைவிரலால் தடவினார். தட்டிச் சத்தம் கேட்டார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக முத்திரை பார்க்காமல் ஒரு பிளேட்டைக் கூடத் தொட்டதில்லை நான். கொரியாவில் அது எனக்கு மூச்சு மாதிரி. உப்பனாற்றங்கரையில் கால் வைத்ததும் பழைய ஆளாகிவிட்டேன். அங்கே எவன் முத்திரை தேடினான்?

"இந்த இரும்பு எங்கிருந்து வந்தது?" என்றார்.

"ஒடைச்ச கப்பல் சார். குஜராத்."

அவர் பிளேட்டைச் சாக்கின் மேலேயே திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அப்படியானால் இது ஏற்கெனவே ஒரு முறை பாஸான இரும்பு. எங்கோ என்னை மாதிரி ஒருவர் இதன் மேலே முத்திரை அடித்திருப்பார். அது எந்தத் துண்டோடு போனதோ. எந்த ஆலை, எந்த உருக்கு என்று தெரியாமல் இதை நான் டெஸ்டுக்கு எடுக்க முடியாது. மன்னிக்க வேண்டும்."

கெஞ்சினேன். காலில் விழாத குறை. அவர் எங்கள் மூவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை, அதுவே எனக்குப் பெரிய கோபம். அவர் சொன்னது நியாயம். பேர் தெரியாத இரும்பில் கேஸ் கப்பல் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உள்ளே இருக்கிற கேஸின் உறைகுளிரில் பிஸ்கட் மாதிரி உடையும். விதி வேண்டும். அந்த விதியை நம்பித்தான் நான் அந்த டேங்குக்குள்ளே தைரியமாக இறங்குகிறேன். என் ஆத்திரமெல்லாம், அந்த விதி கப்பலோடு உலகம் முழுக்கச் சுற்றி வந்து, எங்கள் ஆற்று முகத்துவாரத்தில் மட்டும் நின்றுவிடுகிறதே என்பதுதான். எங்கள் போட்டுக்கு நீளம் பார்ப்பார்கள், இன்ஜின் குதிரைத்திறன் பார்ப்பார்கள், நம்பர் எழுதச் சொல்வார்கள். ஒட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவர் கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

 ஜாபர் பாய் பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, பிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போயி எடம் பாத்து வெக்கறேன், நீ அடுத்த தபா வா" என்றார். அடுத்த தபா எப்போது என்று கொரியாக்காரனுக்கே தெரியாது. வருடத்துக்கு இத்தனை பேர் என்று அங்கே ஒரு கணக்கு.

சனிக்கிழமை காலை குமரவேலின் கடலூர் ஆபீசுக்குப் போனேன். நான் சாதாரணமாகச் சத்தம் போடுகிறவன் இல்லை. அன்றைக்குப் போட்டேன்.

"வாபஸ்னு சொன்னீங்கல்ல? எங்க காசு?"

"இருப்பா. உன் மச்சான் ஃபெயில் ஆனதுக்கு நானா பொறுப்பு? பக்கத்துல அந்த பாய் பாஸ் ஆவலியா?"

"அந்த பாய் துண்டு போட்டு மூடுனாரு சார்! அதனால பாஸ் ஆனாரு! உங்க வீடியோவப் போட்டுப் பாருங்க, எங்கெங்க வெச்சீங்களோ அங்கங்க ஓட்ட!"

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். வீடியோவை முந்தின ராத்திரியே அழித்துவிட்டார்களாம். குமரவேல் மேசை இழுப்பறையைத் திறந்து அறுபதாயிரத்தை எண்ணி வைத்தார். "மிச்சம் அடுத்த வாரம். நானும் மனுசன்தான், மச்சான்" என்றார். நான் எப்போது இவருக்கு மச்சான் ஆனேன்?

அங்கிருந்து ஆற்றங்கரைக்குப் போனேன். பிரகாஷ் வேலைக்கு வந்துவிட்டிருந்தான். முதலாளி அவனைப் பார்த்து, "வந்துட்டியா, நல்லதாப் போச்சு, இந்த போட்டு உனக்குத்தான் காத்துக்கினு இருந்திச்சி" என்றாராம். டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

சாக்கு திறந்து கிடந்தது. நான்கு பிளேட்டும் உள்ளே இல்லை.

"எங்கடா?"

"இன்ஜின் உக்கார்ற எடத்துல முட்டு வேணும்னாரு மாமா. அளவு சரியா இருந்திச்சி." ஹெல்மெட்டைத் தூக்காமலே பேசினான். "யாரு போட்டு தெரியுமா? நம்ம செல்வம் சித்தப்பா போட்டு. அடுத்த மாசம் கடல்ல எறக்கறாங்க."

நான் உள்ளே குனிந்து அந்த ஒட்டைப் பார்த்தேன். வெளியே அழகாகத்தான் இருந்தது. டார்ச் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினேன் என்றான். நிஜமாகவா என்று கேட்டேன். அவன் ஆர்க் பற்ற வைத்துவிட்டான்.

நான் கோஜேவுக்குத் திரும்பி வந்தாகிவிட்டது. செல்வம் சித்தப்பாவின் போட்டு கடலில் ஓடுகிறது. ஏழு பேர் போகிறார்கள். கலாவுக்குப் போன் செய்தால் முதலில் அதைத்தான் கேட்கிறேன், வந்துவிட்டார்களா என்று. குமரவேல் நான் அடித்தால் எடுப்பதில்லை. அவர் பிரகாஷுக்குத் தர வேண்டிய பாக்கி தொண்ணூறாயிரம் ரூபாய்.